செலவில்லாத ஞாயிற்றுக்கிழமை

விடுமுறை வந்தால் பெங்களூருவில் வாழும் நம் குடும்பங்களில் எழும் கேள்வி, பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதுதான். சினிமா, ஓட்டல், ஆட்டோ என்று போனால் ஆயிரங்கள் கரைந்துவிடும். கட்டணமே இல்லாமலும் சிறு கட்டணத்திலும் காணத்தக்க இடங்கள் இந்நகரில் பல உண்டு.

முதலாவது, தொம்மலூர் (டொம்லூர்) சொக்கநாதசுவாமி கோயில். பெயரைக் கேட்டு மதுரைச் சொக்கநாதர் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே எழுந்தருளியிருப்பவர் பெருமாள். இதை யாரும் அருங்காட்சியகம் என்று சொல்வதில்லை. ஆனால் இதன் கற்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1270ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, இரண்டு வாயில் நிலைக்கால்கள் அளிக்கப்பட்ட செய்தியைச் சொல்கிறது. 1440ஆம் ஆண்டு, விஜயநகர மன்னர் தேவராயர் காலத்துக் கன்னடக் கல்வெட்டும் இதே கோயிலில் உண்டு. பிள்ளைகளை அருகில் நிறுத்தி, தெரிந்த எழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, கஸ்தூரிபா சாலையில் உள்ள, 1865இல் நிறுவப்பட்ட அரசு அருங்காட்சியகம். இதற்குச் சிறு கட்டணம் உண்டு. இங்குள்ள ஆதகூர் வீரக்கல்லைத் தமிழர் அவசியம் காண வேண்டும். பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் 949இல் தக்கோலப் போரில், யானை மேல் இருந்தபடியே வீழ்ந்தான். அரக்கோணம் - செங்கற்பட்டு ரயில் பாதையில் இன்றும் தக்கோலம் என்றொரு சிறு நிலையம் இருக்கிறது. அவனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலரனுக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டான். அவன் கேட்டது பொன்னன்று, 'காளி' என்ற வேட்டை நாயை! அந்த நாய் பிறகு காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியைக் கொன்று தானும் மடிந்தது. அதன் நினைவாக எழுந்ததே இக்கல். நாயும் பன்றியும் மோதும் சிற்பம் சிறுவர்களை உடனே ஈர்க்கும். சோழர் தோற்ற போரை வென்றவர் வாயிலாகப் படிப்பதும் நல்ல பாடமே.

அறிவியலில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு, பெல்லாரி சாலையில் 2024இல் திறக்கப்பட்ட சயின்ஸ் கேலரி ஏற்றது. அனுமதி இலவசம். ஆண்டுத் தொடக்கத்தில் குமார கிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் 'சித்திரச் சந்தை'யில், தெருவே ஓவியக்கூடமாகிவிடும். ஓவியர்களிடமே பேசலாம், பார்ப்பதற்குக் காசில்லை.

இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளிடம், "நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று பள்ளித் தோழர்கள் கேட்பதுண்டு. அப்பா வேலைக்கு வந்த ஆண்டை மட்டும் சொன்னால் போதாது. எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் தமிழ் எழுதப்பட்டது. பின்னர் அதே கோயிலில் கன்னடமும் எழுதப்பட்டது. இதைக் கண்ணால் கண்ட பிள்ளை கூச்சமின்றிப் பேசும். வீண் வாதமும் செய்யாது.

புறப்படும் முன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். குறிப்பேடு, பென்சில், குடிநீர் மறவாதீர்கள். கன்னடக் கல்வெட்டைப் படித்துச் சொல்ல அடுத்த வீட்டுக் கன்னட நண்பரையும் குடும்பத்தோடு அழைத்துச் செல்லுங்கள்.