மறைக்கச் சொன்ன மாமாவும் மருமகளின் லண்டன் வீசாவும்

கொள்முதல், கடன், வரி என்று எழுதி வரும் இப்பகுதியில் இம்முறை ஒரு வீட்டு விடயத்தை எழுதுகிறேன். நம்மூரில் கடை நடத்தும் பலருக்கு லண்டனில் ஒரு மகனோ மருமகனோ இருப்பதால், இதுவும் நமது கணக்குப் புத்தகத்தோடு சேர்ந்த விடயம்தான்.

எனது ராத்தாவின் மகளுக்குக் கல்முனைக்குடியில் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை பிரித்தானியப் பிரஜை. லண்டனில் தனது காக்காவின் சொந்த வீட்டில் இருக்கிறார். 2025இல் மருமகளுக்கு மனைவி வீசா விண்ணப்பிக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. அதே வீட்டில் மாப்பிள்ளையின் மாமாவும் இருக்கிறார். 2010இல் மாணவர் வீசாவில் போனவர், வீசா முடிந்தும் திரும்பவில்லை. மாப்பிள்ளையைத் தூக்கி வளர்த்தவரும் அவர்தான்.

நாங்கள் நாடிய முகவர், "மாமாவைப் பற்றி மூச்சு விடாதீங்க. வீட்டில் அவரைக் காட்டவே வேணாம்" என்றார். ராத்தாவும் அதையே நம்பினா. எனக்கு மனம் ஒப்பவில்லை. கடையில் இருப்புக் கணக்கை மாற்றி எழுதினால் என்றோ ஒரு நாள் பிடிபடும் என்பது நமக்குத் தெரியாததா? ஆகவே விதிகளைத் தேடி வாசித்தேன்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். உறவினர் ஒருவர் வீசா இல்லாமல் இருக்கிறார் என்பதற்காக மட்டும் மனைவியின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதில்லை. மனைவி, கணவன் ஆகியோரின் தகுதிதான் பார்க்கப்படும். ஆனால் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தந்தால் அது நிராகரிக்கப் போதுமான காரணம். ஏமாற்றியதாகத் தீர்மானிக்கப்பட்டால் பல வகை வீசாக்களுக்கு 10 ஆண்டுகள் வரை தடை வரலாம். அந்தக் கறை அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் கூடவே வரும்.

மாமாவின் விடயம் விண்ணப்பத்தைத் தொடும் இடம் வீடு. தம்பதிக்குப் போதுமான இருப்பிடம் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு படுக்கையறையாவது அவர்களுக்கு மட்டும் என்று இருக்க வேண்டும். வீட்டில் ஆட்கள் அளவுக்கு மீறி நெருக்கமாக இருக்கவும் கூடாது. இந்த நெருக்கத்தை அளக்க 1985ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. 2 அறைக்கு 3 பேர், 3 அறைக்கு 5 பேர், 4 அறைக்கு 7.5 பேர், 5 அறைக்கு 10 பேர். ஹோலும் அறையாகச் சேரும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை கணக்கில் இல்லை. 1 முதல் 9 வயது வரையான பிள்ளை அரை ஆள். அறைகள் மிகச் சிறியவையாக இருந்தால் இந்த எண்ணிக்கை குறையும்.

எங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்று படுக்கையறையும் ஹோலும் சேர்த்து 4 அறைகள். காக்காவும் மனைவியும் 2, பன்னிரண்டு வயது மகன் 1, ஆறு வயது மகள் அரை, மாப்பிள்ளையும் மருமகளும் 2, மாமா 1. மொத்தம் 6.5. அனுமதி 7.5. மாமாவைச் சேர்த்தாலும் இடம் மிச்சம்! இல்லாத ஓர் ஆபத்துக்குப் பயந்து பெரிய ஆபத்தை விலை கொடுத்து வாங்கப் பார்த்திருக்கிறோம். கணக்கு மீறியிருந்தாலும் செய்ய வேண்டியது வேறு வீடு பார்ப்பதுதான், ஆளை மறைப்பதல்ல.

அடுத்தது வருமானம். கணவனின் ஆண்டு வருமானம் முன்பு 18,600 பவுண் இருந்தால் போதும். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. வாப்பா மாதாமாதம் அனுப்பும் உதவியோ, மாமா கையில் தரும் காசோ இதில் சேராது. சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண் வேண்டும். அது 6 மாதம் கணவன் அல்லது மனைவியின் கையில் இருந்திருக்க வேண்டும், சட்டபூர்வமாக வந்ததாகவும் இருக்க வேண்டும். அன்பளிப்பாக வந்த பணமும் ஏற்கப்படும். ஆனால் உண்டியலில் போன பணத்துக்கு மூலம் காட்டுவது எப்படி? அனுப்புவதை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

வர்த்தகர்கள் இதையும் கவனிக்க வேண்டும். மாப்பிள்ளை தனது காக்காவின் கம்பனியில் சம்பளம் வாங்குபவராக இருந்தால், பெரும்பாலும் ஆறு மாதச் சம்பளச் சீட்டு மட்டும் போதாது. பங்குகள் குடும்பத்தார் கையில் இருக்கும் கம்பனிக்குத் தனி விதி உண்டு. முழு நிதியாண்டின் கணக்குகளும் கம்பனியின் வரிப் பத்திரங்களும் கேட்கப்படும்.

மாமாவால் உண்மையில் ஆபத்தில் இருப்பவர் மருமகள் அல்ல, வீட்டுக்காரரான காக்காதான். வேலை செய்ய அனுமதி இல்லாத ஒருவரைக் கடையில் வைத்தால், 2024 பெப்ரவரி 13 முதல் முதல் தடவைக்கே ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம், மீண்டும் பிடிபட்டால் 60,000 வரை. உறவினர் என்ற சலுகை இல்லை. வாடகை வாங்கி வீட்டில் அறை கொடுத்தாலும் முதல் தடவைக்கு 5,000 பவுண் வரை தண்டம் உண்டு. சிறிய கடை ஒன்று இதைத் தாங்குமா?

மாமாவுக்கு என்ன வழி? வளைகுடாவில் பொதுமன்னிப்பு வரும் என்று காத்திருந்து பழகியவர்கள் நாம். ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அப்படி ஒன்றை வழங்கியது. அதை நம்பி லண்டனில் காத்திருப்பது வீண். தொடர்ச்சியாக 20 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர் அந்த அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் திரும்புபவருக்குப் பொதுவாக மறுநுழைவுத் தடை உண்டு. தன் செலவில் தானாகத் திரும்பினால் 12 மாதம், அரசாங்கச் செலவில் திரும்பினால் 2 அல்லது 5 ஆண்டுகள், பிடித்து அனுப்பப்பட்டால் 10 ஆண்டுகள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைப் பார்ப்பதும் வீசா இல்லாதவர்களைத் தேடுவதும் ஒரே உள்துறை அமைச்சுதான். உண்மையை எழுதினால் மருமகளுக்கு நட்டமில்லை, மாமாவுக்கு ஆபத்து வரலாம். எனவே அவருக்குத் தெரியாமல் எழுதுவதும் நியாயமல்ல. முதலில் அவர் ஆலோசனை பெற வேண்டும். பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பதிவு பெறாதவர் அங்கு தொழிலாகக் குடிவரவு ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தரணியாக இல்லாதவர், 2025 ஜனவரியில் குடிவரவு ஆலோசனை அதிகாரசபை எனப் பெயர் மாறிய அமைப்பில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்களும் அப்படியே செய்தோம். லண்டனுக்குப் பேசியபோது மாமா சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "என்னால புள்ளையின்ட வாழ்க்கை பொய்யில தொடங்க வேணாம். எழுதுங்க" என்றார். அவர் ஆலோசகரைச் சந்தித்துவிட்டு வரும்வரை விண்ணப்பத்தை மூன்று வாரம் நிறுத்தி வைத்தோம். பின்னர் வீட்டில் உள்ளவர்களின் உண்மையான எண்ணிக்கையை எழுதினோம். காக்காவின் சம்மதக் கடிதமும் வீட்டு உரிமைப் பத்திரமும் இணைத்தோம்.

செலவையும் குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண், சுகாதாரக் கட்டணம் 3,105 பவுண். இவற்றோடு காசநோய்ப் பரிசோதனை, ஆரம்பநிலை ஆங்கிலப் பரீட்சை, மொழிபெயர்ப்பு ஆகியனவும் உண்டு. நமது 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி பதியப்படாத நிக்காஹும் செல்லும்தான். ஆனால் வீசாவுக்குப் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். உடனே பதிந்துகொள்ளுங்கள். இந்தத் தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் மீண்டும் சரிபாருங்கள்.

மருமகளுக்கு வீசா கிடைத்தது. மாமா இன்னும் முடிவெடுக்கவில்லை. இருபது ஆண்டு நிறைய இன்னும் காலம் இருக்கிறது, ஊரில் அவருடைய உம்மாவுக்கோ வயதாகிறது. அவருடைய கணக்கை அவர்தான் தீர்க்க வேண்டும். மருமகளின் கணக்கில் அதைப் பொய்யாக எழுதாமல் விட்டதே எங்களுக்குப் பெரிய நிம்மதி.