மலைப்பாதை புகட்டும் பாடம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்தில் செல்வோர், கல்வராயன் மலைப்பாதையின் வளைவுகளைக் கண்டு சலித்துக்கொள்வதுண்டு. "நேராகச் சாலை போட்டிருந்தால் விரைவில் போய்விடலாமே!" என்று உடன்வரும் குழந்தை கேட்கலாம். பெற்றோரே, அக்கேள்வியை அலட்சியமாய்த் தள்ளிவிடாதீர்கள். அறிவியலின் அருமையான பாடமொன்று அதில் அடங்கியிருக்கிறது.

செங்குத்தாக ஏறினால் தூரம் குறைவு. ஆனால் விசை மிகுதியாக வேண்டும். வளைந்து வளைந்து ஏறினால் தூரம் கூடும், விசையோ குறையும். இதுவே சாய்தளம். நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், ஆப்பு, திருகு ஆகிய ஐந்தையும் இதனுடன் சேர்த்து எளிய இயந்திரங்கள் ஆறு என்பர். திருகு என்பதும் தண்டொன்றைச் சுற்றி ஏறும் சாய்தளமே.

இவற்றைக் காட்டத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதில்லை. பாறையைப் புரட்டும் கடப்பாரையும் பாக்குவெட்டியும் நெம்புகோல்கள். கோடரியும் அரிவாள்மனையும் ஆப்பின் இனம். கிணற்று ராட்டினம் கப்பி. நிலையான ஒற்றைக் கப்பி நம் பளுவைக் குறைப்பதில்லை. மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே இழுக்க உதவுகிறது, அவ்வளவே.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்ப்போம். பொம்மை வண்டியொன்றில் கல்லை வைத்து, ரப்பர் வளையம் ஒன்றை அதில் மாட்டி, நேராகத் தூக்குங்கள். வளையம் எவ்வளவு நீள்கிறது என்று குழந்தையே அளக்கட்டும். பின்பு சாய்த்து வைத்த பலகையின்மீது அதே வண்டியை இழுக்கட்டும். இப்போது வளையம் குறைவாகவே நீளும். 4 அடி நீளப் பலகையின் ஒரு முனையை 1 அடி உயர்த்தி வைத்தால், உராய்வை நீக்கிப் பார்க்குமிடத்து, எடையில் நான்கில் ஒரு பங்கு விசையே போதும். ஆனால் இழுக்கும் தூரம் நான்கு மடங்கு. இயந்திரம் எதையும் இலவசமாய்த் தருவதில்லை என்ற இவ்வுண்மையைக் கலிலேயோ 1600ஆம் ஆண்டையொட்டி எழுதிய இயந்திரவியல் நூலில் விளக்கினார்.

எளியவை பல இணைந்தால் கூட்டு இயந்திரம் பிறக்கிறது. மிதிவண்டியின் பிரேக் பிடி நெம்புகோல். மிதிகட்டையும் பற்சக்கரமும் சக்கரமும் அச்சும். அதன் மரைகள் திருகுகள். நம் முன்னோர் கவலை இறைத்ததும் இத்தகையதே. எருதுகள் சரிவில் இறங்க, கப்பியின்மீது ஓடும் வடம் தோல்சாலை மேலே கொணர்ந்தது. நம் வட்டாரக் கரும்பை அரைக்கும் ஆலை இயந்திரங்களிலும் இவையே பெருகி நிற்கின்றன.

ஆறு பெயர்களையும் ஒப்பித்து முழு மதிப்பெண் பெறும் பிள்ளை, கடப்பாரை பிடித்த தந்தையின் கையைக் கண்டு கூச்சப்படுமாயின், அக்கல்வியால் பயன் யாது? மலையில் மரவள்ளி பயிரிடும் பெற்றோருக்கும் சமவெளியில் கரும்பு வெட்டும் பெற்றோருக்கும் ஏட்டறிவு குறைவாயிருக்கலாம். ஆயினும் கடப்பாரைக்கு அண்டைக் கல்லை எங்கே வைத்தால் பாறை அசையும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவார்கள். ஆசிரியர் அந்த அறிவுக்குப் பெயர் சூட்டுகிறார். அதற்கு மூலம் வீட்டில்தான் இருக்கிறது.

நம் ஆண்டவரும் ஊராரால் தச்சர் என்றே அறியப்பட்டவர். நாசரேத்து இல்லத்தில் உழைப்பும் கல்வியும் வெவ்வேறாய் இருந்திருக்குமோ? இன்று மாலையே நம் பிள்ளைகளை அருகில் அழைப்போம். நம் கையிலுள்ள கருவியை அவர்கள் கையில் கொடுத்து, "இது எப்படி வேலை செய்கிறது, சொல் பார்க்கலாம்" என்று கேட்போம்.