பாத அளவும் பட்டை விளக்கப்படமும்

வரைபடத்தைப் படிக்கப் பழகும் குழந்தை முதலில் அதைத் தன் கையால் அடுக்கிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘தகவல் செயலாக்கம்’ என்ற பெயரில் தொடக்க வகுப்பிலேயே இது வந்துவிடுகிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் செயல்பாடு வழியாகவே கணக்கைக் கொண்டுபோகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் இதற்குப் பொருள் தேடி அலைய வேண்டாம். பல வீடுகளில் ஒருவராவது ஷூ கம்பெனிக்குப் போகும் ஊர்கள் இவை. ‘சைஸ்’ என்ற சொல் பிள்ளைகளுக்குப் பழகியது. பழைய செய்தித்தாள்மேல் ஒரு பிள்ளை நிற்க, இன்னொன்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைகிறது. குதிகாலிலிருந்து நீண்ட விரல்வரை அளக்கிறார்கள். பிரிட்டிஷ் அளவு முறையில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி. தீப்பெட்டித் தொழில் நடக்கும் குடியாத்தம் பக்கத்தில் அதற்கும் பஞ்சமில்லை. அவரவர் சைஸ் எழுதிய இடத்தில் பெட்டியை அடுக்கினால் பெரும்பாலும் நடு சைஸ்கள் உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் நிற்கும். கம்பெனியில் நடு சைஸ்களை ஏன் அதிகம் தைக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். சுவரோரம் அடுக்கி, விளிம்பைச் சாக்பீஸால் வரைந்துவிட்டுப் பெட்டிகளை எடுத்தால், சுவரில் மிஞ்சுவது பட்டை விளக்கப்படம்.

அடுத்தது ஒரு குறும்பு. ஒரு சைஸுக்கு மட்டும் தீப்பெட்டிக்குப் பதில் மூன்று ஷூ பெட்டிகளை வைத்தால், பத்துத் தீப்பெட்டி அடுக்கைவிட அது உயரமாக நிற்கும். “மூன்றுதானே, எப்படி உயரம்?” என்று சண்டை வரும். எல்லாப் பட்டைக்கும் ஒரே அலகு, ஒரே அடிக்கோடு என்ற விதி அந்தச் சண்டையில்தான் மனத்தில் பதிகிறது. பூஜ்யத்தில் தொடங்காத பட்டைகளைக் காட்டிப் பெரியவர்களையே ஏமாற்றும் விளம்பரங்கள் உண்டு என்பதால், இந்த விளையாட்டுக்கு ஒரு வகுப்பு நேரம் முழுவதும் கொடுக்கலாம். ஒரு பெட்டி ஐந்து பேருக்குச் சமம் என்னும் அளவுத்திட்டம் பிறகு எளிது.

கேள்வி கேட்பதில்தான் ஆசிரியர்கள் பலர் சறுக்குகிறார்கள். எட்டாம் சைஸ் எத்தனை பேர் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கணிதக் கல்வி ஆய்வாளர் பிரான்சஸ் கர்சியோ 1987இல், வரைபடம் படிப்பதில் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டினார்: உள்ளதைப் படிப்பது, ஒப்பிடுவது, அதற்கு அப்பால் ஊகிப்பது. இதே பிள்ளைகளை அடுத்த ஆண்டு அளந்தால் அடுக்கு எந்தப் பக்கம் நகரும் என்பது மூன்றாம் படி. கால் வளரும், பெரிய சைஸ் பக்கம் நகரும் என்று காரணத்தோடு சொல்லும் பிள்ளைக்கு வரைபடம் படிக்க வந்துவிட்டது.