கை தொங்கினால் பி.பி. ஏறும், தெரியுமா?

ஒரகடத்தில் ஏதாவது ஒரு கார் ஆலைக்குள் போய் போல்ட் முறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். எப்போது காலிபரேட் செய்தது, அடுத்து எப்போது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கெடு தாண்டினால் லைனில் அதற்கு வேலை இல்லை. சரி, அதை முறுக்குகிறவர் வீட்டு பீரோவில் கிடக்கும் பி.பி. மெஷினைக் கடைசியாக யார் சரிபார்த்தார்கள்?

மெஷின் ஒழுங்காக இருந்தாலும் நாம் ஒழுங்காக உட்காருவதில்லை! அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024-ல் சோதித்துப் பார்த்தார்கள். கையை மேஜைமேல் இதய மட்டத்தில் வைக்காமல் மடியில் வைத்தால் மேல் அளவு சுமார் 4 கூடுகிறது. பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6-க்கும் மேல்! உண்மையில் 135 உள்ளவருக்கு மெஷின் 141 காட்டும், 140 கோட்டைத் தாண்டியாயிற்று. ஷிப்ட் முடிந்து ஓடிவந்து, கேன்டீன் டீயைக் குடித்த கையோடு, பக்கத்து ஆளிடம் ஓ.டி. கணக்குப் பேசிக்கொண்டே கையை நீட்டினால் இன்னும் ஏறும். ஐந்து நிமிடம் சும்மா உட்காரணும், கால்மேல் கால் போடக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் நம்மவர்களுக்குக் கஷ்டம்.

ஆரம்ப காலத்தில் பி.பி. அளக்கப்பட்டது யாருக்கு, தெரியுமா? ஒரு குதிரைக்கு! ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அதன் ரத்தக் குழாயோடு ஒரு கண்ணாடிக் குழாயை இணைக்க, ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-ல் அதைப் புத்தகமாகவே போட்டார். கையில் பட்டை கட்டும் முறை வர 1896 ஆனது. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையை ரஷ்ய ராணுவ டாக்டர் கொரோட்காஃப் 1905-ல் சொன்னார்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரின் கதை இன்னும் ருசி. ஜப்பானின் தக்குவோ அயோயாகி, சாயத்தை ஊசியில் ஏற்றி இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்கப் பார்த்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது. அந்த இடைஞ்சலையே வைத்து ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது 1970-களின் தொடக்கத்தில். கொரோனாவால் உலகமே அந்தக் கருவிக்கு அலைந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

கருவி செய்யும் வேலை இவ்வளவுதான்: சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரலுக்குள் பாய்ச்சி, எது எவ்வளவு தப்பி வருகிறது என்று பார்க்கும். தோல் கறுத்திருந்தால்? 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கறுப்பின நோயாளிகளிடம் கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில் 11.7 சதவீதத்தில் உண்மை அளவு 88-க்கும் கீழே. வெள்ளையரில் அது 3.6 சதவீதம்தான். மருத்துவக் கருவிப் பூங்காவுக்கென்றே ஒரகடத்தில் 350 ஏக்கர் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஆக்ஸிமீட்டர் செய்ய வருகிறவர்கள் முதலில் நம்மூர் விரல்களில் மாட்டிப் பார்க்கட்டும்!

அடுத்து உடம்புச் சூடு. நைட் ஷிப்டில் விடியற்காலை 4 மணிக்கு ஏன் குளிருகிறது? ஏ.சி. மட்டும் காரணமில்லை. உடம்புச் சூடு ஒரு நாளில் மிகவும் இறங்குவது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். நீங்கள் விழித்திருப்பது உடம்பின் கடிகாரத்துக்குச் சட்டென்று உறைக்காது.

இன்னொன்று: நர்ஸ் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாட்ச்சைப் பார்க்கிறார். நாடி எண்ணி முடித்த பிறகும் கையை விடமாட்டார், கவனித்திருக்கிறீர்களா? அப்போது எண்ணுவது உங்கள் மூச்சை. சொல்லிவிட்டு எண்ணினால் நீங்கள் மூச்சை மாற்றிவிடுவீர்களே!