தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி: தேய்ந்த குழலைச் சரிசெய்யலாமா?

எங்கள் கேள்வி-பதில் பகுதிக்குப் படைப்புழுவும் காட்டுப்பன்றியும்தான் வழக்கமாக வரும். இந்த முறை மலையடிவாரத்து வாசகர் ஒருவர் வேறு மாதிரி கேட்டிருக்கிறார். பயிர்ப் பாதுகாப்புக்காகத் தாத்தா வாங்கிய இங்கிலாந்து இரட்டைக்குழல் துப்பாக்கி, இப்போது அவர் பெயரில் உரிமத்தோடு இருக்கிறதாம். குழலுக்குள் புள்ளி புள்ளியாகத் துரு. லேத் பட்டறையில் கொடுத்து உள்ளே தேய்த்துப் பளபளப்பாக்கலாமா என்கிறார்.

கூடாது. பூச்சிமருந்து கேட்டால் அளவு சொல்லும் எனக்கு இதில் என்ன வேலை என்று நினைக்கலாம். இதே யோசனை இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு போர் என்கிறோமே, ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்கு வரும் விட்டம் அது. 0.729 அங்குலம், அதாவது சுமார் 18.5 மி.மீ. பழைய கருமருந்தின் கரி ஈரத்தை இழுக்கும். அந்தக் கால வெடிமூடிகள் உப்பையும் விட்டுச் செல்லும். சுட்ட அன்றே கழுவாத குழலில் இவை இரண்டும் சேர்ந்து குழி பறித்துவிடும். குழி மறைய வேண்டுமானால் சுற்றியுள்ள நல்ல இரும்பையும் அதே ஆழத்துக்குச் சுரண்ட வேண்டும். கண்ணுக்குக் குழல் புதிதாகிவிடும், சுவர் மெலிந்திருக்கும். பளபளக்கிற குழலைவிடக் குழி தெரிகிற குழலே மேல் என்பேன். அது தன் நோயை மறைப்பதில்லை.

எனவே பார்க்க வேண்டியது சுவரின் கனத்தை. 12 போரில் மிக மெல்லிய இடத்திலும் அரை மி.மீ. குறையக்கூடாது என்பது இங்கிலாந்துத் துப்பாக்கித் தச்சர்கள் கைக்கொள்ளும் கணக்கு. தோட்டா அறையை ஒட்டிச் சுவர் தடிமனாக இருக்கும். முன்னே போகப் போக மெலியும். சுடும்போது இடது கை பிடிப்பது அந்தப் பக்கத்தைத்தான். குழல் பிளந்தால் முதலில் போவது அந்த விரல்கள்.

அடுத்து, துப்பாக்கியை மடக்கிக் குழலின் அடிப்பகுதியைப் பாருங்கள். பர்மிங்காமில் 1813இல் சட்டப்படி அமைந்த சோதனைச்சாலையின் முத்திரைகளோ, அதைவிடப் பழைய லண்டன் சோதனைச்சாலையின் முத்திரைகளோ இருக்கும். அவற்றில் 'என்.பி.' என்ற எழுத்துகளோ 'நைட்ரோ' என்ற சொல்லோ இல்லையென்றால், கருமருந்துக்கு மட்டுமே சோதித்த குழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று கடையில் வாங்கும் தோட்டா புகையில்லா மருந்து. அதை இதில் போடவே கூடாது. முத்திரை இருந்தாலும், 12 என்று பொறித்த குழல் தேய்ந்து 12/1, அதாவது 0.740 அங்குலம் ஆகிவிட்டால் அந்தச் சோதனை செல்லாது என்பது பழைய பிரிட்டிஷ் விதி. கால் மி.மீட்டருக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

குழலின் மேல் பாம்புத்தோல் போலச் சுருள்கோடுகள் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, சூடாக்கி அடித்து ஒட்டியது. கைவேலை அபாரம். ஆனால் ஒட்டு நெடுகத் துரு உள்ளே ஓடியிருந்தால் வெளியே தெரியாது. நைட்ரோ சோதனையில் தேறிய டமாஸ்கஸும் உண்டு. தேறியது எந்தக் காலத்தில் என்பதையும் யோசியுங்கள்.

உண்மையான புதுப்பிப்பு என்றால் 'ஸ்லீவிங்'. தோட்டா அறைப் பக்கம் மூன்று நான்கு அங்குலத்தை வைத்துக்கொண்டு, முன்குழல்களை வெட்டி நீக்கி, புதிய எஃகுக் குழல்களைப் பொருத்துவார்கள். பிறகு மறுபடி சோதனைச்சாலைக்குப் போக வேண்டும். அப்படிச் செய்ததற்கும் பிரிட்டனில் முத்திரை உண்டு. லேத் இருக்கிறது என்பதற்காகச் செய்கிற வேலையல்ல இது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும்.

நசுங்கலை எடுப்பது, இரு குழல்களை இணைக்கும் பட்டையை மறுபடி பற்றவைப்பது, கருநீலம் ஏற்றுவது எல்லாம் சின்ன வேலைகள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கொதிக்கும் காரக் கரைசலில் முக்கி நிறமேற்றினால் பட்டையின் ஈயப்பற்று விட்டுவிடும். பழைய இரட்டைக்குழலுக்கு மெல்லத் துருவேற்றிக் கறுக்கும் முறைதான் சரி. கழற்றிய குழலைத் தொங்கவிட்டு விரலால் சுண்டுங்கள். மணிபோல ஒலித்தால் பற்று நன்றாக இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் எங்கோ விட்டிருக்கிறது.

தோட்டாவின் நீளத்தையும் பாருங்கள். பழைய குழல்கள் பலவற்றில் அறை 65 மி.மீ. தோட்டாவுக்கானது. 70 மி.மீ. தோட்டாவும் உள்ளே போய்விடும். வெடிக்கும்போது அதன் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

குழல் வாயில் துணி அடைத்து வைப்பதை விடுங்கள். ஈரம் தங்கும், எடுக்க மறந்தால் ஆபத்து. தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்ப வாங்கியதும் துடைத்து எண்ணெய் பூசுங்கள். வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சிறு மண்ணே குழலைப் புடைக்க வைக்கப் போதும்.

கேட்ட வாசகருக்கு: உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய், மெருகு போடச் சொல்லாமல் இரண்டு அளவுகளை மட்டும் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு குழலின் உள்விட்டம், சுவரின் மிக மெல்லிய இடத்தின் கனம். அரை மி.மீட்டருக்குக் கீழே வந்தால், சுடாமல் தாத்தாவின் நினைவாக வைத்துக்கொள்ளலாம். அப்போதும் உரிமத்தைப் புதுப்பித்தே ஆக வேண்டும்.