ஒரு தோளில் இரண்டு கைகள்

வலது கையை முழங்கைக்குக் கீழே இழந்த ஒருவர், செயற்கைக் கையால் தம்ளரைப் பிடிக்கிறார். அந்தக் கையின் நுனியிலுள்ள கொக்கியை விரிப்பது எது? தோள்கள்தான். கம்பியால் இயங்கும் செயற்கைக் கையில், கொக்கியிலிருந்து கிளம்பும் கம்பி முதுகுப்பக்கம் போய், எட்டுப் போலக் குறுக்கிடும் ஒரு வாரில் சேர்கிறது. அந்த வாரின் மறுபக்க வளையம் நல்ல கையின் அக்குளைச் சுற்றி மாட்டியிருக்கும். செயற்கைக் கையை முன்னே நீட்டினால், அல்லது தோள்களை முன்னே குறுக்கினால், கம்பி இறுகிக் கொக்கி திறக்கும். இல்லாத கையை இயக்குவதற்கும் இருக்கிற கையின் தோளே பிடிமானம்.

அந்தத் தோளில் அறுவை சிகிச்சை என்றால் ஒரே நாளில் இரண்டு கைகளும் வேலையை நிறுத்திவிடும்.

தோள்மூட்டு ஆழமற்ற தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. கை எல்லாத் திசையிலும் சுழல்வது இதனால்தான். எளிதில் பழுதாவதும் இதனால்தான். மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை இடம் விட்டு நழுவாமல் பிடித்திருப்பவை நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும். மருத்துவர்கள் இவற்றைச் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். இவற்றில் மேலே உள்ள தசைநாண், தோள் எலும்பின் விளிம்புக்கு அடியில் ஒரு குறுகிய இடுக்கு வழியாகப் போகிறது. கையைத் தோளுக்கு மேல் தூக்கும்போது அது நசுங்கக்கூடும் என்று 1972-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் விளக்கினார். வயதும் ஓயாத உழைப்பும் சேர்ந்து அதை நைய வைக்கின்றன. ஒரு நாள் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்று ஸ்கேன் பார்த்துச் சொல்கிறார்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டாரத்து வேலைகளை எண்ணிப் பாருங்கள். வடகாட்டுப் பக்கம் பலாப்பழம் இறக்க வேண்டும், கீரமங்கலம் பூச்சந்தைக்கு மூட்டை கட்ட வேண்டும், தேங்காய் உரிக்க வேண்டும், தண்ணீர்க் குடம் தூக்க வேண்டும். இரண்டு கைகள் பங்குபோட்டுச் செய்வதை ஒற்றைக் கை வருடக்கணக்கில் செய்கிறது. உடம்பையும் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு செய்கிறது. நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், கை இழந்தவர்களுக்குத் தசை, மூட்டு வலிகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு இருந்தன. வலி வந்த உடனே கத்திக்குப் போக வேண்டியதில்லை. விபத்தில் அறுபடாமல், நாள்பட நைந்த கிழிசல்கள் பலவற்றுக்கு முதலில் உடற்பயிற்சி சிகிச்சையே தருகிறார்கள். ஒற்றைக் கைக்காரருக்கு அந்த வாய்ப்பை முழுமையாகப் பார்த்துவிடுவது இன்னும் முக்கியம் என்பேன்.

அறுவை தவிர்க்க முடியாது என்றானால், கிழிந்த தசைநாணை எலும்பில் ஆணி போன்ற சிறு பிடிப்பான்களும் நூலும் கொண்டு மீண்டும் கட்டுவார்கள். பாஸ்டனில் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1909-இல் திறந்து செய்ததை, இன்று பெரும்பாலும் சிறு துளைகள் வழியே செய்கிறார்கள். கட்டுவது சில மணி நேர வேலை. ஒட்டுவதற்குத்தான் காலம் பிடிக்கும். தசைநாணில் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் 4 முதல் 6 வாரம் ஸ்லிங்கில் கை, எலும்போடு உறுதியாகச் சேர ஏறக்குறைய 12 வாரம், பளு தூக்க அதற்கும் பிறகு. வலி இவற்றுக்கெல்லாம் முன்பே குறைந்துவிடும். ஆபத்தான கட்டம் அதுதான்: வேறு கை இல்லாதவர் அவசரத்துக்கு அந்தக் கையையே நீட்டிவிடுவார்.

அறுவை அரங்கில் இன்னொரு சிக்கல். குளுகோஸ் ஏற்ற, ரத்த அழுத்தம் பார்க்க வழக்கமாக அறுவை செய்யாத கையைத்தான் பயன்படுத்துவார்கள். இவருக்கு அது முழுமையாக இல்லை. காலை நாட வேண்டிவரலாம். மயக்க மருத்துவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கழுத்தோரம் போடும் மரத்துப்போகும் ஊசி விநோதமானது. கை முழுதும் உணர்விழந்த பிறகும், கை மடங்கி வயிற்றின் மேல் கிடப்பதுபோலப் பலருக்குத் தோன்றும்; உண்மையில் அது வேறெங்கோ இருக்கும். 1973-இல் மெல்சாக், புரோமேஜ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். கையின் வரைபடத்தை மூளை தன்னிடமே வைத்திருக்கிறது. தகவல் வராவிட்டாலும் அது அழிவதில்லை. இழந்த கை இன்னும் இருப்பதுபோல் உணரும் மாயக்கை ஏற்கெனவே உள்ளவருக்கு, அந்தச் சில மணி நேரம் இரண்டு மாயக்கைகள் தோன்றக்கூடும்.

வீட்டு ஏற்பாடுகளை அறுவைத் தேதி குறிக்கும்போதே பேச வேண்டும். ஊட்டிவிடுவது யார், குளிப்பாட்டுவது யார், மலம் கழித்தபின் கழுவிவிடுவது யார்? கூச்சத்தால் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுகிறார்கள். மருத்துவர்தான் முதலில் கேட்க வேண்டும். எலாஸ்டிக் வைத்த பேன்ட், முன்பக்கம் முழுதும் திறக்கும் தொளதொள சட்டை, குறைபட்ட கையில் கரண்டியைச் செருகிக்கொள்ளும் பட்டை ஆகியவற்றை முன்பே பழகிப் பார்க்கலாம். பாயிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டும். ஆகவே கட்டிலோ சாய்வு நாற்காலியோ தேவை. இயன்முறை சிகிச்சைக்காகப் புதுக்கோட்டைக்குப் பேருந்தில் போனால் கம்பியைப் பிடிக்கக் கை கிடையாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அதை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

மாயக்கையில் வலி உள்ளவர்களுக்காக, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்ணாடிப் பெட்டி முறையைக் கொண்டுவந்தார். நல்ல கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். அது அசைவதைப் பார்க்கும்போது சிலருக்கு வலி தணிகிறது. ஸ்லிங்கில் தோள் அசையக் கூடாது என்றாலும், விரல்களை மூடித் திறக்கப் பெரும்பாலும் முதல் நாளிலேயே சொல்கிறார்கள். மருத்துவர் சம்மதித்தால், அந்தப் பயிற்சியையே ஒரு கண்ணாடியின் முன் வைத்துச் செய்யலாம்.