காப்பகத்திலிருந்து ஒரு கலப்பினக் குட்டி

குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்ததுமே கேட்பார்கள்: “என்ன ஜாதி நாய்?” “கிராஸ்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நீங்கள் யோசிக்க வேண்டிய கேள்விகள் வேறு.

கலப்பினம் என்றால் நோஞ்சானாக இருக்குமோ? இல்லை. ஒரே இனத்துக்குள் திரும்பத் திரும்ப இணை சேர்ப்பதால் வரும் பரம்பரை நோய்கள் சில, கலப்பினத்தில் குறைவாகவே வரும். ஆனால் எவ்வளவு வளரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இன்று உள்ளங்கையில் அடங்குவது அடுத்த வருடம் 20 கிலோ இருக்கலாம். அதற்கும் வீட்டில் இடம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் குட்டியை எடுக்கலாம்? தாய் உடனிருந்தால், 8 வாரம் ஆகும்வரை பிரிக்க வேண்டாம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கூடப்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடித்தான் கற்கிறது.

இலவசமாகத் தரும் குட்டிக்கு இத்தனை விசாரணையா? சென்னையில் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் தத்துக் கேட்டுப் போனால் வாடகை வீடா, பகலில் யார் இருப்பார்கள் என்றெல்லாம் கேட்கக்கூடும். ஆசைப்பட்டுக் கூட்டிப்போய், ஆறு மாதத்தில் திருப்பிக் கொண்டுவிடுகிறவர்கள் உண்டு, அதனால்தான். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்குத் தடை போடக் கூடாது என்று விலங்கு நல வாரியம் 2015-இல் அறிவுறுத்தியிருக்கிறது. ஆனாலும் வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டு, வீட்டுக்காரரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

காப்பகத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? தடுப்பூசி அட்டை. அட்டை இல்லாமல் “எல்லாம் போட்டாச்சு” என்றால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில். பிறகு 16 வாரம் ஆகும்வரை, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று. வெறிநோய் ஊசி சுமார் 3 மாதத்தில். பூச்சி மருந்து தனிக் கணக்கு. 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம்.

ஒரே ஊசியை ஏன் பலமுறை போட வேண்டும்? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி, ஊசி மருந்தை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். நடுவில் விட்டால் பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) புகுந்துவிடும். வாந்தி, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு என்றால் ‘காலையில் பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள்.

ஊசிகள் முடியும்வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதா? வேண்டாம். தெருவில் இறக்கிவிடாதீர்கள், தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். குக்கர் விசில், ஆட்டோ ஹாரன், குடை பிடித்த ஆள் என எல்லாவற்றையும் 14 வாரத்துக்குள் பார்த்துப் பழகும் குட்டி, பிறகு எளிதில் மிரளாது.

குட்டிதானே, பல் பட்டால் என்ன? அப்படி விட்டுவிடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய் குட்டிக்கும் வரும்.

நாம் சாப்பிடுவதையே போடலாமா? சாம்பார் சாதம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு மூன்றும் ஆபத்து. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழி, முட்டை, குழைந்த சாதம் கொடுக்கலாம். அல்லது குட்டிகளுக்கென்றே விற்கும் தீவனம்.

ராத்திரி முழுக்க அழுதால்? முதல் சில நாள் அழத்தான் செய்யும். அது தாயோடு படுத்திருந்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, துவைக்காமல் பெட்டியில் விரியுங்கள். பெட்டி உங்கள் கட்டிலருகே இருக்கட்டும். கையை நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டு அடங்கும்.

தடுப்பூசி அட்டையிலும் ‘இனம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எதை எழுதினாலும் குட்டிக்கு ஒன்றுமில்லை. ‘அடுத்த ஊசித் தேதி’ என்ற கட்டத்தில் இருக்கும் நாளை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.